லங்கணம் பரம ஔஷதமா?

"லங்கணம் பரம ஔஷதம்" என்று நம் வீடுகளில் ஒரு வாக்கு வழங்கி வருகிறது. பட்டினி கிடப்பதே சிறந்த மருந்து என்பது அதன் பொருள். கல்யாண விருந்தில் நாலு கிண்ணம் பாயசமும் எட்டு வடையும் தீர்த்துவிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கனவானுக்கு இது மிகவும் பொருத்தமான மருந்துதான். ஆனால் பெரியவரின் அஜீரணத்துக்கென்று ஏற்பட்ட விதியை, ஜுரத்தில் கிடக்கும் ஏழு வயதுக் குழந்தையின்மேல் பிரயோகிக்கும்போது விபரீதம் உண்டாகிறது. "உடம்பு சுடுகிறது, வெறும் கஞ்சித் தண்ணீர் போதும்" என்று பாட்டி சொல்வாள். ஜுரம் விட்ட பிறகும் பத்தியம் என்ற பெயரால் பாலும் பருப்பும் முட்டையும் பல நாள் விலக்கப்படும்.

நல்ல ஊட்டத்துடன் வளரும் குழந்தை இந்தச் சோதனையை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். முன்பே வாடியிருக்கும் குழந்தை தாங்குமா? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது அவசியம். கிருமி நோய் போன பிறகு அதன் வால் பிடித்துக்கொண்டு வரும் கடுமையான அழற்சி நோய்களைப் பற்றி இன்று வைத்திய சாஸ்திரம் நன்றாக அறிந்திருக்கிறது. அவற்றில் குழந்தை பிழைப்பதும் தேறுவதும், அது சில மாதங்களாக என்ன சாப்பிட்டு வந்தது என்பதையும் பொறுத்திருக்கின்றன.

ஓய்ந்த பின் மூண்ட தீ

2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். கோவிட் வியாதி குழந்தைகளை அவ்வளவாக வாட்டுவதில்லை என்று உலகம் ஆறுதல் அடைந்திருந்த சமயம். அப்போது லண்டன் நகரத்து வைத்தியர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். நேற்றுவரை ஓடி விளையாடிய குழந்தைகள் விடாத ஜுரம், வயிற்று வலி, வாந்தி, பேதி, மேலெல்லாம் தடிப்பு, சிவந்த கண்கள் ஆகியவற்றுடன் வந்து சேர்ந்தார்கள். சிலருக்கு ரத்த அழுத்தம் வீழ்ந்து இதயமே சோர்ந்து போயிருந்தது. இத்தாலியில் பெர்காமோ நகரத்து வைத்தியர்களும் இதே போன்ற குழந்தைகளைக் கண்டார்கள். இவர்களில் பலருக்குச் சில வாரங்களுக்கு முன்னால் கோவிட் தொற்று வந்து போயிருந்தது. தொற்று வந்ததே தெரியாதவர்களும் உண்டு. மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்நோய்க்கு இலக்கணம் வகுத்து வெளியிட்டது. உடம்பின் பல அவயவங்களை ஒரே சமயத்தில் தாக்கும் இந்த அழற்சி நோயை வைத்தியர்கள் சுருக்கமாக 'மிஸ்-சி' என்று அழைக்கிறார்கள்.

இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு. ஜப்பான் தேசத்தில் டோமிசாகு கவாசாகி என்னும் குழந்தை வைத்தியர் 1961-இல் முதன்முதலாகக் கண்டு, 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களுடன் வெளியிட்ட நோய் அது. அதுவும் ஜுரம், தடிப்பு, சிவந்த கண், வெடித்த உதடு என்று தொடங்கி இதயத்தின் ரத்தக் குழாய்களைப் பதம் பார்ப்பது. மிஸ்-சியின் மூலமாகத் தம் பெயர் உலகெங்கும் மறுபடி ஒலிக்கத் தொடங்கிய வேளையில், 2020 ஜூன் மாதம் அப்பெரியவர் காலமானார்.

மிஸ்-சி அபூர்வமான நோய்தான். 2020-இல் அமெரிக்காவில் கணக்கிட்டபோது, தொற்றுக் கண்ட இளம் பிராயத்தினரில் ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் அது வந்தது. பிற்பாடு அது இன்னும் அருகிவிட்டது. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் பாடம் அபூர்வமானதன்று. கிருமி வந்து இரண்டு முதல் ஆறு வாரங்கள் கழித்து, எதிரி போன பிறகும் படைகள் கலையாமல் சொந்த ஊரையே சூறையாடும் விந்தை அது. கிருமியை ஒழிக்க ஏற்பட்ட தற்காப்புச் சக்தியே தன் கட்டை மீறி ரத்தக் குழாய்களையும், இதயத்தையும், குடலையும், சிறுநீரகத்தையும் தாக்குகிறது.

விறகு எங்கிருந்து வருகிறது?

தீ எரிய விறகு வேண்டும். அழற்சித் தீக்கு விறகு, குழந்தையின் தேகமேதான். உடம்பின் உஷ்ணம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், உள்ளே செலவாகும் சக்தி நூற்றுக்குப் பத்துப் பங்கோ, அதற்குச் சற்று மேலோ அதிகரிக்கிறது. செலவு இப்படி ஏறும் அதே சமயத்தில் வரவு குறைகிறது. அழற்சியின்போது உண்டாகும் ரசாயனப் பொருள்கள் மூளையை எட்டிப் பசியை அடக்கிவிடுகின்றன. குடலும் வீங்கியிருப்பதால் உண்டது ஒட்டுவதில்லை. நோயுற்ற குழந்தை சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது பிடிவாதத்தினால் அல்ல.

வரவு இல்லாத வீட்டில் சேமிப்பில் கை வைக்கத்தானே வேண்டும்? பட்டினி மட்டும் என்றால் உடம்பு முதலில் கொழுப்பைச் செலவழித்துத் தசையைக் காப்பாற்றப் பார்க்கும். அழற்சியோ அந்தச் சிக்கனத்தைக் கலைத்துவிடுகிறது. தற்காப்புப் படைக்கு வேண்டிய புரதத்துக்காகத் தசைகள் கரைக்கப்படுகின்றன. குளிருக்கு விறகில்லாமல் வீட்டு உத்தரத்தையே பிடுங்கி அடுப்பில் வைப்பது போன்ற காரியம் இது. உத்தரம் கனமாக இருக்கும் வீடு சில நாள் நிற்கும். முன்பே செல்லரித்த வீடு என்னாகும்?

கல்லீரலின் போக்கும் மாறுகிறது. ரத்தத்தில் நீரைத் தக்க வைக்கும் ஆல்புமின் என்ற புரதத்தை அது குறைத்துக்கொண்டு, அழற்சிக்கு வேண்டிய புரதங்களைப் பெருக்குகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் 'சி.ஆர்.பி.' என்று எழுதியிருக்குமே, அதுவும் அவற்றில் ஒன்று. மிஸ்-சியில் சி.ஆர்.பி. ஏறுவதும் ஆல்புமின் இறங்குவதும் சகஜம். ஆல்புமின் குறைந்தால் ரத்தத்திலுள்ள நீர் கசிந்து கை கால் வீங்கும். ரத்த ஓட்டம் தளரும்.

இரும்புச் சத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். ஆகவே திருடனுக்குக் கிடைக்கக்கூடாதென்று பத்தாயத்தைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைப்பதுபோல, கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரந்து இரும்பைக் கட்டிப் போட்டுவிடுகிறது. திருடனுக்குக் கிடைக்கவில்லை, வீட்டுக்காரனுக்கும் கிடைக்கவில்லை. பத்தாயத்தில் முன்பே நெல் இல்லாத வீடானால், சோர்ந்த இதயம் வெளிறிய ரத்தத்தைக் கொண்டே உடம்பு முழுவதையும் போஷிக்க வேண்டியதாகிறது.

மெலிந்த உடம்பில் தீ எரியுமா?

இங்கே நேயர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "ஊட்டம் குன்றிய குழந்தைக்குத் தற்காப்புச் சக்தியே குறைவு என்கிறீர்கள். அப்படியானால் அதற்கு இவ்வளவு பெரிய அழற்சி வராதே? மெலிவும் ஒரு விதத்தில் நன்மைதானோ?"

நியாயமான கேள்வி. பதில்தான் விசித்திரமானது. போஷாக்குக் குறைவு தற்காப்புச் சக்தியை அடியோடு அணைத்துவிடுவதில்லை. அதன் ஒழுங்கைக் கெடுக்கிறது. தற்காப்பு அணுக்கள் பயிற்சி பெறும் 'தைமஸ்' என்னும் சுரப்பி, ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்குச் சுருங்கிப் போகிறது. ஆகவே கிருமியை விரைவில் வெல்லும் ஆற்றலும் குறைகிறது, சண்டை முடிந்ததும் படையைக் கலைக்கும் ஆற்றலும் குறைகிறது. அசுத்தமான நீரும் சுற்றுப்புறமும் சேர்ந்தால் குடலின் உட்சுவர் தேய்ந்து, கிருமிகளின் கூறுகள் அதன் வழியே சிறுகச் சிறுகக் கசிகின்றன. அதனால் இத்தகைய குழந்தைகளின் உடம்பில் எப்பொழுதும் ஒரு தணல் கனன்றுகொண்டே இருக்கிறது. வெளியே சுவாலை தெரியாது. உள்ளே சாம்பல் மூடிய நெருப்பு.

மறு கோடியிலும் இதே கதைதான். மிகையாகப் பெருத்த குழந்தைகளின் கொழுப்புத் திசுக்களும் அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அமெரிக்காவில் மிஸ்-சி கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் அதற்கு முன் நோயற்றவர்களாகவே இருந்தனர். ஏதேனும் உடற்குறை இருந்தவர்களிடையே அதிகமாகக் காணப்பட்டது உடற்பருமன். பொரித்த தின்பண்டமும் சர்க்கரைப் பானமுமாக வளர்த்து, "என் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான்" என்று பெருமைப்படும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். கொழுப்பு வேறு, போஷாக்கு வேறு. பருத்த குழந்தைக்கும் ரத்தச் சோகை இருக்கலாம்.

தட்டம்மை கற்பித்த பாடம்

மிஸ்-சி புதிய நோய். ஆனால் கிருமி நோயும் ஊட்டக் குறைவும் கை கோத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தட்டம்மை நெடுங்காலமாக நமக்குக் கற்பித்து வந்திருக்கிறது. கிருமி எல்லாத் தேசங்களிலும் ஒன்றே. நல்ல ஊட்டமும் வைத்திய வசதியும் உள்ள இடத்தில் தட்டம்மை கண்ட ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் இறப்பர். ஊட்டமும் வைத்தியமும் அற்ற இடங்களிலோ நூற்றுக்குப் பத்துப் பேர்வரை மாண்டிருக்கிறார்கள்.

லண்டனில் எல்லிசன் என்னும் வைத்தியர் தட்டம்மை கண்ட 600 குழந்தைகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் 'ஏ' வைட்டமின் சத்துக் கொடுத்துப் பார்த்தார். முடிவை 1932-இல் வெளியிட்டார். சத்துப் பெறாத 300 பேரில் 26 குழந்தைகள் இறந்தன. பெற்ற 300 பேரில் 11 குழந்தைகள். இந்த ஆராய்ச்சியைப் பல ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1990-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து வைத்தியர்கள், கடுமையான தட்டம்மை கண்ட 189 குழந்தைகளிடம் இதே பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இறந்த 12 குழந்தைகளில் 10 பேர் வைட்டமின் பெறாத பகுதியைச் சேர்ந்தவர்கள்.

அதே 1990-இல் நம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பெயரும் உலக வைத்திய ஏடுகளில் இடம் பெற்றது. அங்கே கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளைக்கொண்டு ஓராண்டு நடந்த ஆராய்ச்சியில், வாரந்தோறும் சிறிதளவு 'ஏ' வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கு மேல் குறைந்தது. ஒரு முருங்கைக் கீரைக் கொத்திலும் ஒரு பப்பாளிக் கீற்றிலும் இருக்கக்கூடிய சத்து இது என்பதை எண்ணும்போது மனம் நெகிழாமல் இருக்குமா?

'ஏ' வைட்டமின் கொடுத்தால் மிஸ்-சி குணமாகிவிடும் என்று யாரும் இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சை வேறு. குழந்தையின் ஊட்ட நிலைதான் கிருமி நோயின் விளைவைப் பெரிதும் நிர்ணயிக்கிறது என்பதே இங்கு நாம் கொள்ள வேண்டிய பாடம். 1968-இல் ஸ்கிரிம்ஷா, டெய்லர், கார்டன் என்னும் மூன்று அறிஞர்கள் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வாயிலாக வெளியிட்ட நூல் இதையே விரிவாக நிலைநாட்டியது. நோய் ஊட்டத்தைக் குறைக்கிறது. ஊட்டக் குறைவு நோயை வளர்க்கிறது. செக்கு மாடு போல இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுகின்றன.

மறைந்து நிற்கும் அபாயம்

மெலிந்த குழந்தையிடம் இன்னொரு சங்கடம் உண்டு. நோயை அறிவிக்கும் மணியே சரியாக அடிப்பதில்லை. மிகவும் ஊட்டம் குன்றிய குழந்தைக்குக் கடுமையான தொற்று இருந்தும் ஜுரம் காணாமல் இருக்கலாம். உடம்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் போகலாம். அத்தகைய குழந்தைக்கு ஜுரம் இல்லாவிட்டாலும் தொற்று இருப்பதாகவே வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. புரதக் குறைவினால் கால் வீங்கியிருந்தால், "பிள்ளை சற்றுத் தேறியிருக்கிறான்" என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருப்பதும் உண்டு.

சிகிச்சையிலும் கத்தி முனையில் நடப்பது போன்ற நிலை. மிஸ்-சிக்கு முக்கிய மருந்துகள் இம்யூனோகுளோபுலினும் ஸ்டெராய்டும். முன்னது ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்த ரத்தத்தின் நீர்ப் பகுதியிலிருந்து எடுக்கப்படுவது. எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் கொடுப்பார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 40 கிராம் ஆகிறது. மருந்தோடு திரவமும் சேர்ந்து உள்ளே போவதால், சோர்ந்த இதயத்துக்கு அது பாரமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊட்டமின்றி இதயத் தசையே மெலிந்திருக்கும் குழந்தையிடம் இந்தக் கவலை இரட்டிப்பாகும். ஸ்டெராய்டு தீயை அணைக்கும். கூடவே தசையையும் கரைக்கும், மறைந்திருக்கும் க்ஷயரோகத்தையும் எழுப்பிவிடும். ஆகவே வைத்தியர் குழந்தையின் எடையையும் உயரத்தையும் அளந்து, "முன்பு எப்படிச் சாப்பிட்டான்?" என்று விசாரிப்பது வெறும் சம்பிரதாயமன்று.

நெடுநாள் வாடிய குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் ஆகாரத்தை மெல்ல மெல்லவே கூட்டுவார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், பட்டினியில் வற்றியவர்களுக்கு ஏராளமாக உணவு கொடுத்தபோது சிலர் மாண்டுபோனதைக் கண்டு கற்ற பாடம் இது. திடீரென்று உணவு பெருகினால் ரத்தத்திலுள்ள பொட்டாசியம், பாஸ்பேட் முதலிய சத்துக்கள் அணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயத் துடிப்பு தடுமாறும். எனவே பாசத்தினால் வைத்தியருக்குத் தெரியாமல் டிபன் பாத்திரம் கொண்டு செல்ல வேண்டாம். பட்டினியும் ஆகாது, பதற்றமும் ஆகாது.

வீட்டில் செய்யத் தக்கவை

1. ஜுரம் வந்த குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மற்றக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை கொடுக்கலாம். தெளிந்த கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பை நிரப்பாது. அதே கஞ்சியைக் கெட்டியாக்கி, வேகவைத்து மசித்த பருப்பும் ஒரு சிறு கரண்டி நெய்யும் சேர்த்தால் அது ஆகாரம். இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம், முட்டை எல்லாம் கொடுக்கலாம்.

2. தொற்று நோய் போய் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி ஜுரம் கண்டு மூன்று நாள் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜுரத்தோடு தடிப்பு, சிவந்த கண், கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, குளிர்ந்த கைகால், அயர்ந்த மயக்கம் இவற்றில் எது சேர்ந்தாலும் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், உடனே செல்லுங்கள். மெலிந்த குழந்தையானால், ஜுரமே இல்லாமல் உண்ண மறுத்துச் சுருண்டு கிடப்பதையும் அபாயக் குறியாகவே கொள்ளுங்கள்.

3. நோய் தீர்ந்த பின் வருவது பத்தியக் காலமன்று. கடன் தீர்க்கும் காலம். கரைந்த தசை திரும்பி வரப் புரதம் வேண்டும். வழக்கமான வேளைகளுக்கு மேல் ஒரு வேளை கூடுதலாகச் சில வாரமாவது கொடுங்கள். வேர்க்கடலை, பயறு, பால், முட்டை, மீன், முருங்கைக் கீரை என்று அவரவர் வீட்டு வழக்கப்படி அமைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

4. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைக்கு மேற்கையின் நடுச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மெலிவு என்றும், 11.5-க்குக் குறைந்தால் கடும் மெலிவு என்றும் அறிக. ஒரு சாதாரண அளவு நாடா போதும்.

5. தட்டம்மை முதலிய தடுப்பூசிகளைக் காலத்தில் போட்டுவிடுங்கள். வராத நோய்க்குப் பின்விளைவும் இல்லை.

பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. நீண்ட நோயிலிருந்து திரும்பும் குழந்தையை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். சட்டை தோளில் தொங்கும். இரண்டாவது பீரியட்டிலேயே தலை பெஞ்சில் சாயும். அதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. மிஸ்-சியினால் இதயம் பாதிக்கப்பட்ட குழந்தையை மூன்று முதல் ஆறு மாதம்வரை ஓட்டப் பந்தயத்துக்கும் கடுமையான டிரில்லுக்கும் வைத்தியர்கள் அனுமதிப்பதில்லை. விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார அதற்கு ஓரிடமும், மத்தியானத்தில் நன்றாகச் சாப்பிட அவகாசமும் கொடுப்பது நம் கடமை.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 19.3 பேர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில் 67.1 பேர் ரத்தச் சோகையுள்ளவர்கள். கோவிட் கிருமி நம் நாட்டில் நுழைந்தபோது அதன் எதிரே நின்ற குழந்தைகள் இவர்கள்தாம். நாளை வேறொரு கிருமி வந்தாலும் இவர்களுடைய தம்பி தங்கைகளே அதன் எதிரே நிற்பார்கள். கிருமி எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் குழந்தையின் தட்டில் இன்று என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க எல்லோராலும் முடியும்.

1920-இல் சென்னை நகரசபைப் பள்ளியில் தொடங்கிய மத்தியான உணவு, 1956-இல் காமராஜர் காலத்தில் ராஜ்யமெங்கும் பரவி, 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டியும் அதனுடன் சேர்ந்தது. இவற்றைப் படிப்புக்கு ஆசை காட்டும் உபாயம் என்று மட்டும் நினைப்பவர் உண்டு. உண்மையில் ஒவ்வொரு பிடி சோறும், ஒவ்வொரு முட்டையும், வரப்போகும் நோய்க்கு எதிராகக் குழந்தையின் உடம்பில் போட்டு வைக்கும் சேமிப்பு. சர்க்கார் தன் பங்குக்குச் சேமிக்கட்டும். நம் வீட்டிலும் அந்தச் சேமிப்பு நடக்க வேண்டும். முக்கியமாக, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதை உண்ணும் பெண் குழந்தையின் பெயரில் நடக்க வேண்டும்.

ஆகவே லங்கணம் பெரியவர்களின் விருந்துக்கு மறுநாளோடு நிற்கட்டும். குழந்தைக்கு ஜுரம் கண்டால் வைத்தியரை அழைப்போம். அவர் வரும் வரையில் அடுப்பையும் அணைக்காமல் வைத்திருப்போம்.